புற்றுநோய் செல்லில் சோடியம் சேனல்: முதல் பரிசோதனைக்கு ஒரு வழிகாட்டி

நரம்பிலும் தசையிலும் மின் துடிப்பைக் கிளப்பும் சோடியம் சேனல் (சோடியம் அயனியை உள்ளே விடும் சவ்வுத் துளைப் புரதம்), துடிப்பே இல்லாத மார்பகப் புற்றுநோய் செல்லில் என்ன செய்கிறது? இந்தக் கேள்வியோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஆர்என்ஏ தென்பட்டதும் சேனல் வேலை செய்கிறது என்று எழுதிவிடுவது ஒன்று. தடுப்பு மருந்து போட்டதும், சுற்றுத் திசுவுக்குள் செல் நுழையும் ஊடுருவல் குறைந்தது, ஆகவே சேனல்தான் காரணம் என்று முடித்துவிடுவது இன்னொன்று. இரண்டுமே அரைச் சான்றுகள். மின்னோட்டம் இருக்கிறதா, அதைத் தடுத்தால் செல்லின் நடத்தை மாறுகிறதா, அந்த மின்னோட்டத்தைத் தரும் புரதம் எது என்ற மூன்றுக்கும் ஒரே செல் வகையில், ஒரே வளர்ப்பு நிலையில் பதில் கிடைத்தால்தான் பேச்சு நிற்கும். கீழே வரும் படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

கொஞ்சம் பின்னணி

மனித மரபணுத் தொகுதியில் மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் சேனலின் ஆல்ஃபா துணையலகுகள் 9 உண்டு: நாவ்1.1 முதல் நாவ்1.9 வரை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 260 கிலோடால்டன் எடையுள்ள ஒற்றைச் சங்கிலி. அதில் 4 பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் சவ்வை 6 முறை கடக்கும். நான்காவது கடப்பு மின்னழுத்தத்தை உணரும். ஐந்தாவதும் ஆறாவதும் துளையை அமைக்கும். மூன்றாம், நான்காம் பகுதிகளை இணைக்கும் கண்ணிதான் திறந்த சில மில்லிவினாடிகளில் துளையை அடைத்துவிடுகிறது. கூடவே பீட்டா1 முதல் பீட்டா4 வரை துணைப் புரதங்கள் உண்டு. இவற்றை வெறும் துணைகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பீட்டா1 செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் மூலக்கூறும்கூட.

புற்றுநோயோடு இவற்றுக்குள்ள தொடர்பு 1995-இல் எலியின் புராஸ்டேட் புற்றுநோய் செல் வகைகளில் தெளிவாகத் தெரியவந்தது. வேகமாகப் பரவும் மேட்-லைலூ செல்லில் சோடியம் மின்னோட்டம் இருந்தது. அதே கட்டி வழிவந்த, மெதுவாகப் பரவும் ஏடி-2 செல்லில் இல்லை. சோடியம் சேனலைத் தடுக்கும் நஞ்சான டெட்ரோடோடாக்சின் கொடுத்ததும் முதல் செல்லின் ஊடுருவல் குறைந்தது. அதன் பிறகு மனித மார்பகம், பெருங்குடல், கருப்பை வாய் என்று பட்டியல் நீண்டது. மார்பகத்திலும் பெருங்குடலிலும் அதிகம் பேசப்படுவது, இதயத் தசைக்குரியதாக அறியப்பட்ட நாவ்1.5. புராஸ்டேட்டில் நாவ்1.7.

ஓய்வில் இருக்கும் நரம்பு செல் சுமார் −70 மில்லிவோல்ட்டில் இருக்கும். எம்டிஏ-எம்பி-231 போன்ற மார்பகப் புற்றுநோய் செல் −20 முதல் −40 வரையில்தான் கிடக்கும். அந்த மின்னழுத்தத்தில் நாவ்1.5 சேனல்களில் பெரும்பங்கு அடைபட்டுப் போயிருக்கும். பிறகு எப்படி வேலை செய்கிறது? எல்லாச் சேனல்களும் முழுதாக அடைபடுவதில்லை. மிகச் சிறிய பங்கு விட்டுவிட்டுத் திறந்தபடியே இருக்கும். இதைத்தான் நீடித்த மின்னோட்டம் என்கிறோம்.

அது எவ்வளவு சிறியது, போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 பிக்கோஆம்பியர் உள்நோக்கிய மின்னோட்டம் என்றால் வினாடிக்குச் சுமார் 1×10⁻¹⁷ மோல் சோடியம். செல்லின் கன அளவை 2 பிக்கோலிட்டர் என்று வைத்தால், சோடியம் செறிவு வினாடிக்கு 5 மைக்ரோமோலார் ஏறும், நிமிடத்துக்கு 0.3 மில்லிமோலார். சோடியம்-பொட்டாசியம் பம்ப் இதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் என்றாலும், மணிக்கணக்கில் நடக்கும் ஊடுருவலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆக, மில்லிவினாடி உச்ச மின்னோட்டத்தை அளந்து சேனல் இருப்பதை நிரூபிக்கிறோம். செல்லின் நடத்தையை மாற்றுவதாகக் கருதப்படுவதோ இந்த மெல்லிய கசிவு. இந்த வேறுபாட்டை மறந்தால் முடிவுகளை வாசிப்பதில் குழப்பம் வரும்.

உள்ளே வரும் சோடியத்தால் என்ன நடக்கிறது என்பதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு வழி உண்டு. நாவ்1.5-உம், ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் என்எச்இ1 என்ற பரிமாற்றியும் செல் சவ்வின் ஒரே இடங்களில் கூடி இருக்கின்றன. சேனல் வேலை செய்யும்போது பரிமாற்றியின் வேகமும் கூடுகிறது, செல்லை ஒட்டிய வெளிப்புறம் அமிலமாகிறது, அமிலத்தில் சுறுசுறுப்பாகும் கதெப்சின் பி, கதெப்சின் எஸ் நொதிகள் செல்புற மேட்ரிக்ஸைச் செரிக்கின்றன. இன்வேடோபோடியா எனப்படும் ஊடுருவும் முனைகளில் இது நடப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறது. சேனல் சவ்வின் மின்னழுத்தத்தை உயர்த்தி ராக்1 புரதத்தைத் தூண்டி நகர்வைக் கூட்டுகிறது என்பது இன்னொரு வழி. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

படி 1: செல்லைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவருக்கு எம்டிஏ-எம்பி-231 போதும். மின்னோட்டம் உண்டு, பெரும்பாலும் நாவ்1.5, அதிலும் நியோநேட்டல் என்னும் சிசுப்பருவ வடிவம். எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல் வகையான எம்சிஎஃப்-7. அதில் அளக்கக்கூடிய சோடியம் மின்னோட்டம் கிடைக்காது. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு பெண்களின் புற்றிலிருந்து வந்தவை, நூறு விஷயங்களில் வேறுபடுபவை. "அதில் உண்டு, இதில் இல்லை, ஆகவே சேனல்தான் ஊடுருவலுக்குக் காரணம்" என்ற வாதம் செல்லாது. எம்சிஎஃப்-7 உங்கள் அளவீட்டைச் சரிபார்க்க மட்டுமே.

செல் வந்ததும் எஸ்டிஆர் என்னும் டிஎன்ஏ பரிசோதனையால் அடையாளத்தை உறுதிசெய்யுங்கள், மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ப்புக்கு டிஎம்இஎம் ஊடகம், 5% கன்றுக்கரு சீரம், 4 மில்லிமோலார் குளூட்டமின், 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. சீரத்தின் அளவும் வளர்ச்சிக் காரணிகளும் சேனல் வெளிப்பாட்டையே மாற்றக்கூடியவை. எனவே முழு ஆய்வுக்கும் ஒரே தொகுதி சீரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். உறைநிலையிலிருந்து எடுத்த பிறகான பாசேஜ் எண்ணை (எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றினீர்கள் என்பதை) ஒவ்வொரு பதிவிலும் குறியுங்கள். போன மாதம் இருந்த மின்னோட்டம் இந்த மாதம் காணோம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

படி 2: ஆர்என்ஏவும் புரதமும்

நாவ்1.5-ஐத் தரும் மரபணு எஸ்சிஎன்5ஏ. அதன் சிசுப்பருவ வடிவமும் வயதுவந்தோர் வடிவமும் முதல் பகுதியின் மின்னழுத்த உணரிக்கு அருகில் 7 அமினோ அமிலங்களில் மட்டும் வேறுபடுகின்றன. முக்கியமானது 211-ஆம் இடம்: வயதுவந்தோர் வடிவில் எதிர்மின் கொண்ட அஸ்பார்டேட், சிசு வடிவில் நேர்மின் கொண்ட லைசின். பொதுவான பிரைமர் (பிசிஆரில் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டையும் சேர்த்தே பெருக்கும். வடிவம் எது என்று தெரிய வேண்டுமானால் மாறும் எக்ஸானுக்குள்ளேயே பிரைமரை அமர்த்த வேண்டும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.

புரதத்தை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில்தான் பலருக்கும் நொந்துபோகும். இவ்வளவு பெரிய சவ்வுப் புரதத்தை 95 டிகிரியில் கொதிக்கவைத்தால் திரண்டு, ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். மாதிரியை 37 டிகிரியில் 20-30 நிமிடம் வைத்தால் போதும். ஜெல் 6%-க்கு மேல் வேண்டாம். சவ்வுத்தாளுக்கு மாற்றுவதைக் குளிர் அறையில் குறைந்த மின்னழுத்தத்தில் இரவு முழுக்க ஓட்டுங்கள். 100 கிலோடால்டனுக்குக் கீழே அழகான ஒற்றைப் பட்டை வந்தால் மகிழ வேண்டாம், அது பெரும்பாலும் வேறு ஏதோ புரதம். எந்த ஆன்டிபாடியானாலும், மரபணுவை அடக்கிய செல்லில் பட்டை மங்குகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

படி 3: மின்னோட்டத்தை அளத்தல்

இந்த ஆய்வின் முதுகெலும்பு, நுண்ணிய கண்ணாடி பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப்தான். இது இல்லாத கட்டுரையைத் துறைக்குள் இருப்பவர்கள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

செல்களை 24 முதல் 48 மணி நேரம் முன்பே கண்ணாடித் துண்டில் தளர்வாக விதையுங்கள்; 35 மில்லிமீட்டர் தட்டுக்கு 20,000-30,000 போதும். தனியாக நிற்கும் செல்தான் வேண்டும். பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்னழுத்தம் ஒரே சீராகப் பரவாது. மின்னழுத்தத்தைப் படியேற்றும்போது மின்னோட்டம் படிப்படியாக வளராமல் திடீரென்று ஒரே தாவலாக எழும். அப்படி வந்த பதிவை ஒதுக்கிவிடுங்கள்.

வெளிக்கரைசல், மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 4, கால்சியம் குளோரைடு 2, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, ஹெப்பெஸ் 10, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.4. பிப்பெட்டுக்குள்: சீசியம் குளோரைடு 125, சோடியம் குளோரைடு 10, ஈஜிடிஏ 10, ஹெப்பெஸ் 10, மக்னீசியம் ஏடிபி 2, சீசியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.2. சீசியம் பொட்டாசியம் சேனல்களை அடைத்து வெளிநோக்கிய மின்னோட்டத்தை ஒதுக்கிவிடும். இரண்டு கரைசலையும் ஆஸ்மோமீட்டரில் அளந்து, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட 10 மில்லிஆஸ்மோல் அளவு குறைவாக இருக்கும்படி, வெளிக்கரைசலில் சுக்ரோஸ் சேர்த்துச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் செல் இரண்டே நிமிடத்தில் உப்பி, பிப்பெட்டும் சவ்வும் ஒட்டிய சீல் விட்டுப்போகும்.

பிப்பெட்டின் தடை 2 முதல் 4 மெகாஓம். கரைசலில் இறங்கும்போது லேசான நேர் அழுத்தம் இருக்கட்டும். செல்லைத் தொட்டதும் தடை சற்றே ஏறும்; அப்போது அழுத்தத்தை விட்டு மெல்ல உறிஞ்சி, மின்னழுத்தத்தை −80-க்குக் கொண்டுபோனால் சீல் கெட்டிப்படும். 1 கிகாஓமுக்கு மேல் போகாவிட்டால் அந்தச் செல்லோடு மல்லுக்கட்டாமல் புது பிப்பெட்டை எடுங்கள். பிப்பெட்டின் கொண்மத்தை ஈடுசெய்த பிறகு சட்டென்ற உறிஞ்சலில் சவ்வைத் திறங்கள். தொடர் தடை 10 மெகாஓமுக்குக் கீழே, அதிலும் 70%-ஆவது ஈடுசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

சவ்வு திறந்ததும் அவசரப்பட வேண்டாம். சீசியம் உள்ளே பரவ 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கவும் கூடாது, ஏனெனில் நேரம் ஆக ஆகச் சேனல் அடைபடும் வளைகோடு எதிர்மின் பக்கம் நகரும். ஒவ்வொரு செல்லையும், திறந்ததிலிருந்து எண்ணி ஒரே நிமிடத்தில் பதிவு செய்வதுதான் தீர்வு.

பதிவு முறை: −120 மில்லிவோல்ட்டில் 250 மில்லிவினாடி, பிறகு −80 முதல் +30 வரை 5 மில்லிவோல்ட் படிகளாக, ஒவ்வொன்றும் 50 மில்லிவினாடி. 50 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுத்து, 10 கிலோஹெர்ட்ஸில் வடிகட்டுங்கள். "மின்னோட்டமே வரவில்லை" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் −60-இல் நிறுத்திவைத்துத் தொடங்கியிருப்பார்கள். அங்கே நாவ்1.5-இல் பெரும்பங்கு ஏற்கெனவே அடைபட்டிருக்கும். −120 கொடுத்தால்தான் அடைப்பு நீங்கிச் சேனல் மறுபடி தயாராகும்.

கிடைப்பது சோடியம் மின்னோட்டம்தானா? உள்நோக்கி, சுமார் 1 மில்லிவினாடியில் உச்சம் தொட்டு, சில மில்லிவினாடிகளில் தணிய வேண்டும். மேலே சொன்ன கரைசல்களில் சோடியத்தின் சமநிலை மின்னழுத்தம் அறை வெப்பத்தில் +67-ஐ ஒட்டி வரும். வளைகோட்டின் வலது முனை அந்தப் பக்கம் நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். கடைசியாக, வெளியே உள்ள சோடியத்தை, சேனல் வழியே போகாத என்எம்டிஜி கொண்டு மாற்றுங்கள். மின்னோட்டம் மறைந்தால் ஐயம் தீர்ந்தது. உச்ச மின்னோட்டத்தைச் செல்லின் கொண்மத்தால் வகுத்து, ஒரு பிக்கோஃபாரடுக்கு இத்தனை பிக்கோஆம்பியர் என்று எழுதுங்கள்; பெரிய செல்லும் சிறிய செல்லும் அப்போதுதான் ஒப்பிடக் கிடைக்கும்.

நீடித்த மின்னோட்டத்தை அளக்க வேண்டுமானால், டெட்ரோடோடாக்சின் போடுவதற்கு முன்னும் பின்னும் பதிவெடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, துடிப்பின் கடைசி 5-10 மில்லிவினாடியின் சராசரியைப் பாருங்கள். கழிக்காமல் அளந்தால் சீலின் கசிவைத்தான் அளந்திருப்பீர்கள்.

படி 4: டெட்ரோடோடாக்சின்

நாவ்1.1 முதல் 1.4, 1.6, 1.7 ஆகியவை நானோமோலார் அளவிலேயே தடைபடும். நாவ்1.5-இன் துளை வாயில் ஒரு சிஸ்டீன் இருப்பதால் அதற்கு மைக்ரோமோலார் தேவை. பாதி தடைபடும் செறிவு 1.5 மைக்ரோமோலார் என்று வைத்துக் கணக்கிட்டால், 10 மைக்ரோமோலாரில் சுமார் 87% தடைபடும், 30-இல் 95%. 100 நானோமோலார் போட்டுவிட்டு "இந்தச் செல்லில் சேனலுக்குப் பங்கு இல்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. 100 நானோமோலார், 1, 10, 30 மைக்ரோமோலார் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். முதல் அளவிலேயே முழுதும் மறைந்தால் அது நாவ்1.5 இல்லை, நாவ்1.7 அல்லது அதன் கூட்டத்தைச் சேர்ந்தது.

1 மில்லிகிராமை 3.13 மில்லிலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல். தூய வடிவம் நடுநிலை நீரில் கரையாது. சிட்ரேட் சேர்ந்த வடிவத்தை வாங்குங்கள், கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் அதே அளவு சிட்ரேட் சேருங்கள். லேசான அமிலத்தில் நிலையாக இருக்கும், காரத்தில் சிதையும். சிறு பங்குகளாகப் பிரித்து −20 டிகிரியில் வையுங்கள்.

இது கொல்லும் நஞ்சு, முறிவு மருந்து கிடையாது. சூடாக்கினாலும் அழியாது. பூட்டிய பெட்டி, இருப்புப் பதிவேடு, இரட்டைக் கையுறை கட்டாயம். ஊசி முனை உள்ள எதையும் பயன்படுத்தக் கூடாது, தனியாக இருக்கும் நேரத்தில் தொடவும் கூடாது. பொடியை எடைபோடுவதைத் தவிர்த்து, வந்த குப்பியிலேயே கரையுங்கள்.

படி 5: ஊடுருவல்

24 குழித் தட்டு, 8 மைக்ரோமீட்டர் துளையுள்ள டிரான்ஸ்வெல் (குழியை மேல், கீழ் என்று பிரிக்கும் செருகி). செல்புற மேட்ரிக்ஸைப் போன்ற கூழான மேட்ரிஜெல்லை இரவே 4 டிகிரியில் உருக வையுங்கள். முனைகளும் குழாய்களும்கூடக் குளிர்ந்திருக்க வேண்டும். சீரம் இல்லாத குளிர் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்கி, ஒவ்வொரு செருகியிலும் 50 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 2 மணி நேரம். குமிழி ஒன்று சிக்கினால்கூட அங்கே ஓட்டை விழுந்து, செல்கள் செரிக்காமலேயே கீழே இறங்கிவிடும். மேலே 1% சீரத்தில் 50,000 செல், கீழே 10% சீரம். டெட்ரோடோடாக்சினை மேலும் கீழும் ஒரே செறிவில் சேருங்கள். மேலே மட்டும் போட்டால் சில மணி நேரத்தில் கீழே கசிந்து செறிவு குறைந்துபோகும். 48 மணி ஓட்டினால், 24 மணிக்கு ஒருமுறை ஊடகத்தோடு அதையும் புதுப்பியுங்கள்.

முடிந்ததும் மேற்பரப்புச் செல்களைப் பஞ்சால் துடைத்து, கீழ்ப்பரப்பை மெத்தனாலில் நிலைப்படுத்தி, கிரிஸ்டல் வயலட்டில் சாயமேற்றி எண்ணுங்கள். யார் எண்ணுகிறாரோ அவருக்கு எது எந்தச் செருகி என்று தெரியக் கூடாது.

இணையாக இரண்டு கட்டுப்பாடுகள் தேவை. மேட்ரிஜெல் பூசாத செருகி ஒன்று: நகர்வு மட்டும் குறைந்ததா, செரிமானமும் குறைந்ததா என்று பிரித்துக்காட்டும். அதே நேரத்தில், அதே செறிவில் செல் பெருக்கச் சோதனை ஒன்று. எம்டிஏ-எம்பி-231-இல் டெட்ரோடோடாக்சின் பொதுவாகப் பெருக்கத்தைத் தொடாது. உங்கள் கையில் பெருக்கமும் குறைந்தால், ஊடுருவல் எண்ணைப் பேசுவதற்கு முன் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். காயம் ஆறும் சோதனை எளிது என்று பலரும் அதையே நம்பியிருக்கிறார்கள்; அதில் செரிப்பதற்கு மேட்ரிக்ஸே இல்லை, ஆகவே சேனலின் முக்கிய வேலை அதில் தெரியாமலே போகலாம். ஒளிரும் ஜெலட்டின் பூசிய கண்ணாடியில் செல்களை வைத்து, ஊடுருவும் முனைகளைக் காட்டும் கார்ட்டாக்டின் சாயத்தோடு, ஜெலட்டின் செரிந்த கருந்துளைகளின் பரப்பை அளப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

படி 6: மரபணுவை அடக்குதல்

எஸ்சிஎன்5ஏ-வின் இரண்டு வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு சிறு ஆர்என்ஏக்கள், 48 முதல் 72 மணி. ஆர்என்ஏ 80% குறைந்தாலும் சவ்வில் ஏற்கெனவே உள்ள புரதம் உடனே மறையாது. அதனால் ஊடுருவலைத் தொடங்கும் அதே நாளில் சில செல்களைப் பேட்ச் செய்து மின்னோட்டம் விழுந்ததை உறுதிசெய்யுங்கள். அடக்கிய செல்லில் டெட்ரோடோடாக்சின் போட்டால் ஊடுருவல் மேலும் குறையக் கூடாது. குறைந்தால் நஞ்சு வேறு எதையோ தொடுகிறது, அல்லது வேறொரு நாவ் சேனல் ஒளிந்திருக்கிறது. ஆய்வில் ஒரே ஒரு கூடுதல் சோதனைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே தட்டில் 12 புலங்களை எண்ணினால் அது 12 மாதிரி ஆகாது, ஒன்றுதான். வேறு வேறு நாளில் விதைத்த வளர்ப்புகளே தனி மாதிரிகள்.

படி 7: மருந்துகளோடு சோதிப்பவர்களுக்கு

ஃபெனிடோயின், ரனோலசின், லிடோகெயின் மூன்றும் ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் பயன்படுபவை, சோடியம் சேனலைத் தடுப்பவை. ரனோலசின் நீடித்த மின்னோட்டத்தை உச்ச மின்னோட்டத்தைவிட அதிகம் தடுக்கும். ஃபெனிடோயின் அடைபட்ட நிலையில் உள்ள சேனலை விரும்பிப் பிடிக்கும். ஆகவே −120-இல் நிறுத்தி அளந்தால் மருந்து பலவீனமாகத் தோன்றும், −80-இல் அளந்தால் வலுவாகத் தோன்றும். இரண்டிலும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். எலிகளில் ஃபெனிடோயினும் ரனோலசினும் எம்டிஏ-எம்பி-231 செல்கள் பரவுவதைக் குறைத்திருக்கின்றன.

மனிதரில் வலுவான தரவு லிடோகெயினுக்குத்தான். மும்பை டாடா நினைவு மையத்தின் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில், மார்பக அறுவைக்குச் சில நிமிடங்கள் முன் கட்டியைச் சுற்றி 0.5% லிடோகெயின் செலுத்தப்பட்டது. 5 ஆண்டில் நோயின்றி வாழ்ந்தவர்கள் 82.6%-இலிருந்து 86.6% ஆக உயர்ந்தார்கள். இதைச் சோடியம் சேனல் கருத்துக்கு நேரடி நிரூபணமாக மேற்கோள் காட்டாதீர்கள். லிடோகெயின் வேறு பலவற்றையும் தொடும், அந்த ஆய்வு சேனலை அளக்கவில்லை.

மருந்தை டிரான்ஸ்வெல்லில் போடும்போது சீரத்தை மறக்க வேண்டாம். ஃபெனிடோயினில் சுமார் 90% இரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். கீழே 10%, மேலே 1% சீரம் இருக்கும் குழியில் இரு பக்கமும் 50 மைக்ரோமோலார் என்று எழுதினாலும், ஒட்டாமல் மிதக்கும் மருந்து இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. பேட்ச் கிளாம்ப் கரைசலிலோ சீரமே கிடையாது. அங்கே கிடைத்த தடுப்பு விழுக்காட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. பேட்ச் செய்யும்போது அதே அளவு ஆல்புமினை வெளிக்கரைசலில் சேர்த்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.